ஓக்ஸ் போடக் கொடுத்த காரில் பியூசுக்குப் பதில் செப்புக் கம்பி

வன்னியில் பழைய ஜப்பான் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் காரோடு வந்த செற்றுக்கு (ரேடியோ, பாட்டுப் பெட்டிக்கு) ஓக்ஸ், அதாவது போனின் சத்தத்தைக் கார் ஸ்பீக்கரில் கேட்க ஒரு வயர் வழி, போட்டவர்களும் போட நினைப்பவர்களும் இதைப் பொறுமையாக வாசியுங்கள். நேரமில்லை என்றால் ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள். ஸ்டீயரிங் பக்கம் டாஷ்போர்டுக்குக் கீழேயும் பொனற்றுக்குள்ளும் இருக்கும் பியூஸ் பெட்டிகளின் மூடியைக் கழற்றி, எந்தப் பியூசின் காலிலாவது கம்பி சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். என் காரில் சுற்றியிருந்தது. ஆனையிறவில் அம்மா முன் சீற்றில் இருக்கும்போது டாஷ்போர்டுக்குள்ளிருந்து புகை வந்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது.

எங்களுடையது ரொயோட்டா கொரோலா 121. 2018இல் வவுனியாவில் ஒருவரிடம் வாங்கினேன். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் திரும்பத் திறந்துவிட்டாலும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிது எங்களுக்கு எட்டாத விலை. அதனால் இருக்கிற காரைத்தான் கவனமாக வைத்துப் பார்க்கிறோம். செற்றும் ஜப்பானில் பூட்டிய அதே செற். சீடியும் எம்டி என்ற சின்ன டிஸ்க்கும் போடலாம். ஓக்ஸ் ஓட்டையும் இல்லை, யூஎஸ்பியும் இல்லை.

அம்மாவுக்கு மாதம் ஒருமுறை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் கிளினிக். கிளிநொச்சியிலிருந்து போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை மணித்தியாலம். அவவுக்குக் காது நல்ல மந்தம். கனடாவில் இருக்கும் சின்னம்மா வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவா. ஊர்க்கதை, பிள்ளைகளின் கதை, சமையல் என்று ஒவ்வொன்றும் ஐந்து, பத்து நிமிடம் போகும். போனைக் காதோடு வைத்தாலும் அம்மாவுக்குப் பாதிதான் விளங்கும். ஒருநாள் மருமகனின் காரில் அதை ஸ்பீக்கரில் போட்டபோது முழுக்கக் கேட்டு, நடுவில் நடுவில் சின்னம்மாவுக்குப் பதிலும் சொல்லிக்கொண்டு வந்தா. அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் காருக்கும் ஓக்ஸ் போட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

முதலில் லைற்றர் சொக்கெற்றில் குத்தும் எஃப்எம் ரான்ஸ்மிற்றர் ஒன்று வாங்கிப் பார்த்தேன். சரிவரவில்லை. ஜப்பானில் எஃப்எம் 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கும், பழைய செற்றுகள் 90 வரைதான் பிடிக்கும். இங்கே 87.5 முதல் 108 வரை. நம்மூர் வானொலி கேட்பதற்காக அன்ரனா வயரின் இடையில் பாண்ட் எக்ஸ்பாண்டர் என்று ஒரு சின்னப் பெட்டி போட்டிருப்பார்கள், உங்கள் காரிலும் அநேகமாக இருக்கும். அதையும் தாண்டி ரான்ஸ்மிற்றரின் சத்தம் வரும்போது ஒரே இரைச்சல். கசற் வாய் இருக்கிற செற் என்றால் கசற் வடிவ அடாப்டர் ஒன்றைத் தள்ளிவிட்டாலே போதும், மலிவும் சுகமும் அதுதான். எங்களுடையதில் அந்த வாயும் இல்லை.

ஏ9 வீதியில் கார் சவுண்ட் வேலை செய்யும் ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயரை இங்கே போடவில்லை, முறைப்பாடு நடந்துகொண்டிருக்கிறது. பெடியன் செற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இதுக்குப் பின்னால சேஞ்சர் சொக்கெற் இருக்கு. அதில அடாப்டர் போட்டா ஒறிஜினல் மாதிரி வேலை செய்யும். ஒரு வயரும் வெட்டத் தேவையில்லை" என்றான். அடாப்டர் 9,500 ரூபா, கூலி 2,000 ரூபா. அவன் சொன்ன முறை முழுக்கச் சரியான முறை. அதனால்தான் நம்பினேன். பழைய ரொயோட்டா செற்றுகள் பலவற்றின் பின்னால் சீடி சேஞ்சர் பூட்டுவதற்கான சொக்கெற் சும்மா கிடக்கும். அடாப்டரை அதில் சொருகினால் சேஞ்சர் வந்துவிட்டது என்று செற் நினைத்துக்கொள்ளும், போனின் சத்தம் அந்த வழியால் உள்ளே போகும்.

அவன் சொன்னது அது. செய்தது வேறு.

ஒரு மணித்தியாலம் என்றான், மூன்று மணித்தியாலம் எடுத்தான். என்னை உள்ளே விடவில்லை. எடுக்கப் போனபோது கியருக்குப் பக்கத்தில் ஒரு ஓக்ஸ் வயர் தொங்கியது. போனைக் கொழுவினேன், பாட்டு வந்தது. செற்றின் குமிழைத் திருகினேன், சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கேட்டேன். "அது அப்பிடித்தான் அண்ணை, போனில கூட்டிக் குறையுங்கோ" என்றான். நான் அந்த இடத்திலேயே பிடித்திருக்க வேண்டும். ஓக்ஸ் செற்றுக்குள்ளால் போகிறது என்றால் செற்றின் குமிழுக்குக் கட்டாயம் கட்டுப்படும், பாஸ், ட்ரெபிள் எல்லாம் அதற்கும் வேலை செய்யும். கட்டுப்படவில்லை என்றால் சத்தம் செற்றைத் தொடாமல் வேறு வழியால் ஸ்பீக்கருக்குப் போகிறது. காசு கொடுக்கும் முன் நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான், அரை நிமிட வேலை.

பில் கேட்டேன். "இதுக்கெல்லாம் பில் இல்லை அண்ணை, ஏதும் பிழை எண்டா கொண்டு வாங்கோ" என்றான். 11,500 ரூபாவையும் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதல் கிழமையே ஸ்பீக்கரில் ஒரு கீச்சுச் சத்தம். அக்சலேற்றரை மிதிக்க மிதிக்க அதுவும் மேலே போகும், காலை எடுத்தால் இறங்கும். கடைக்குப் போன் எடுத்தேன், போன் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேட்கச் சொன்னான். சில கார்களில் அப்படிக் கழற்றினால் நிற்கும். போன் ஒரே நேரத்தில் சார்ஜரிலும் ஓக்ஸிலும் இருக்கும்போது கிரவுண்ட் (கரன்ற் பற்றரிக்குத் திரும்பும் வழி) இரண்டு வழியால் சுற்றி, பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஓல்ரனேற்றரின் சத்தம் ஸ்பீக்கருக்கு வந்துவிடும். அதற்குக் கிரவுண்ட் லூப் ஐசொலேற்றர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. எங்களுடையதில் சார்ஜரைக் கழற்றியும் நிற்கவில்லை.

பிறகு பற்றரி. இரண்டு நாள் கார் எடுக்காமல் நின்றது, மூன்றாம் நாள் திறப்பைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும். கடைக்குப் போனேன். பொனற்றைக்கூடத் திறக்கவில்லை, "பற்றரி பழசு" என்று முடித்துவிட்டான். புதுப் பற்றரி போட்டேன். அடுத்த கிழமை அதுவும் இறங்கியது. அப்போதாவது காரை நல்ல எலக்ட்ரீசியன் ஒருவரிடம் காட்டியிருந்தால் மிச்சம் நடந்திருக்காது. வயல் வேலை நேரம், பக்கத்து வீட்டுத் தம்பியின் வானிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணிச் சமாளித்தேன்.

அன்று கிளினிக் நாள். விடியற்காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டோம். பரந்தன் தாண்டி ஆனையிறவு உப்பளத்துக்குக் கிட்ட வரும்போது பிளாஸ்ரிக் கருகும் மணம். வெளியில் ஏதோ எரிக்கிறார்கள் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றினேன். மணம் கூடியது. அம்மாதான் முதலில் கண்டா: "தம்பி, இதுக்குள்ளால புகை வருது." செற்றுக்குக் கீழே இருக்கும் இடுக்கால் மெல்லிய வெள்ளைப் புகை, அம்மாவின் முழங்காலுக்கு நேரே.

ஓரம் கட்டி, திறப்பை எடுத்தேன். புகை நிற்கவில்லை. அம்மாவை இறக்க வேண்டும், அவவுக்குக் கால் மடக்கி இறங்கவே இரண்டு நிமிடம் செல்லும். சீற் பெல்ற்றைக் கழற்றிக் கையைப் பிடித்து இழுத்த மாதிரித்தான் இறக்கினேன். பின்னால் வந்த லொறிக்காரர் ஒருவர் நிற்பாட்டிவிட்டு ஓடிவந்தார். என்னிடம் ஸ்பனர் இல்லை, அவரிடம் இருந்தது. 10ஆம் இலக்கச் சாவி. பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றி அந்தப் பக்கம் மடக்கினார். அதற்குப் பிறகு புகை மெல்ல மெல்ல அடங்கியது. உப்பளக் காற்று பலமாக அடித்தது, அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வீதியோரம் நின்று, "உனக்கு ஒண்டுமில்லையே?" என்று என்னைக் கேட்டா. என் கை அரை மணித்தியாலத்துக்கு மேல் நடுங்கியது. அந்த லொறிக்காரரின் பெயரைக் கேட்கவே மறந்துவிட்டேன். அவர் இதை வாசித்தால், அண்ணை, உங்களை நாங்கள் மறக்கவில்லை.

காரைக் கட்டி இழுத்து வந்து, கிளிநொச்சியில் பழைய ஆள் ஒருவரிடம் விட்டோம். முப்பது வருடத்துக்கு மேல் வயரிங் வேலை செய்கிறவர், எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். என்னைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினார்.

செற்றுக்குப் பின்னால் அடாப்டர் என்று ஒன்றுமே இல்லை. சேஞ்சர் சொக்கெற் வெறுமையாக, தூசி படிந்தபடி இருந்தது. அதற்குப் பதிலாகத் தீப்பெட்டி அளவில் ஒரு மலிவான அம்பிளிபயர் போர்டை இன்சுலேசன் ரேப்பால் சுற்றி ஏசிக் குழாயோடு கட்டியிருந்தான். ஸ்பீக்கருக்குப் போகும் வயர்களை, அந்த ரோஸ், ஊதா, இளம்பச்சை, நீல வயர்களை, நடுவில் வெட்டி, போர்டிலிருந்து வரும் வயரையும் செற்றிலிருந்து வரும் வயரையும் ஒன்றாக முறுக்கியிருந்தான். ஈயம் பற்றவில்லை. வெயிலில் ரேப்பின் பசை உருகி, முறுக்கு வெளியே தெரிந்தது.

"இந்தச் செற்றில ஸ்பீக்கரின்ர இரண்டு வயரிலையும் ஆறு வோல்ட் கிட்ட நிக்கும். நெகற்றிவ் வயர் எண்டு சொன்னாலும் அது காரின்ர பொடியோட சேர்ற கிரவுண்ட் இல்லை. அதைக் கொண்டுபோய் இன்னொரு அம்பிளிபயரோட சேர்த்தா ஐசி தாங்குமோ?" என்றார் ஐயா. தாங்கவில்லை. செற்றுக்குள் ஸ்பீக்கர்களை ஓட்டும் சிப்பான ஐசியில் முன் இடது பக்கம் செத்துவிட்டது.

போர்டுக்கான கரன்ற்றையும் பிழையான வயரில்தான் எடுத்திருந்தான். செற்றுக்குக் கரன்ற் வரும் சொக்கெற்றில் சாம்பல் வயர் திறப்பைப் போட்டால்தான் உயிர்பெறும். நீலத்தில் மஞ்சள் கோடு போட்ட வயர் நேரம், வானொலி நிலையம் எல்லாவற்றையும் ஞாபகம் வைக்க எப்போதும் பற்றரியோடு இருக்கும். போர்ட் இரண்டாவதில் இருந்தது, இரவு பகல் ஓயாமல். திறப்பை எடுத்தும் புகை நிற்காததற்கும் அதுவே காரணம். ஐயா பற்றரி வயரில் மீற்றரைப் போட்டுக் காட்டினார்: 0.8 ஆம்பியர். இப்படியொரு கார் சும்மா நிற்கும்போது 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க 0.8 போனால் 19 ஆம்பியர் மணி, எங்கள் பற்றரி 35 ஆம்பியர் மணி. இரண்டு நாளில் வெறுமை. நல்ல பற்றரியைப் பழசு என்று சொல்லி என்னைப் புதிது வாங்க வைத்ததற்கும் அந்தக் கடைதான் பொறுப்பு.

கடைசியாகத்தான் பியூஸ். நீல நிறப் பியூஸ், மேலே 15 என்று எழுதியிருக்கும். உள்ளே இருக்கும் கம்பி அறுந்திருந்தது. வேலை செய்யும்போது எங்கேயோ முட்டி அது எரிந்திருக்கிறது. அந்தப் பியூஸ் எச்சரிக்கத்தான் எரிந்தது. அவன் எங்கே முட்டியது என்று தேடவில்லை. வயரை உரித்து ஐந்தாறு செப்பிழைகளை முறுக்கி, செத்த பியூசின் இரண்டு காலையும் சுற்றித் திரும்பச் செருகிவிட்டான். 15 ஆம்பியரைத் தாண்டினால் அறுந்து காரைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில், அதைப்போல இரண்டு மூன்று மடங்கு போனாலும் அறுகாத கம்பி. வயர்தான் முதலில் எரியும். எரிந்தது. ஒரு பியூஸ் ஐம்பது, நூறு ரூபா. அதற்காக ஒரு வயதுபோன மனுசியின் மடிக்கு நேரே நெருப்பை வைத்து அனுப்பியிருக்கிறான். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

ஐயா எல்லா வயரையும் ஈயம் பற்றி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடினார். கருகிய துண்டை மாற்றினார். ஐசி மாற்றியது, கூலி எல்லாம் சேர்த்து 21,000 ரூபா. உண்மையான அடாப்டரை கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்துத் தந்தார், சொருகப் பத்து நிமிடம்தான் சென்றது. இப்போது செற்றின் குமிழால் சத்தம் கூடுகிறது, குறைகிறது. கீச்சுச் சத்தமும் இல்லை.

உங்கள் காரைக் கொடுப்பதாக இருந்தால் அடாப்டரை முதலில் பெட்டியோடு காட்டச் சொல்லுங்கள். எந்தச் சொக்கெற்றில் போடப் போகிறாய் என்று கேளுங்கள். வயர் வெட்ட வேண்டும் என்றால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். செற்றையே மாற்றுவதென்றாலும் உங்கள் காரின் சொக்கெற்றுக்குப் பொருந்தும் இடைச் சொக்கெற் கடையில் இருக்கிறது, அதற்கும் வெட்டத் தேவையில்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால் மஞ்சள் நிறத்தில் தெரியும் சொக்கெற் எயார் பாக்குக்கு உரியது, அதில் கை வைக்க எவரையும் விடாதீர்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், விடமாட்டோம் என்று சொல்லும் கடை வேண்டாம்.

பில்லையும் விடாதீர்கள். நாங்கள் கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுத் தர வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. காசு வாங்கிச் செய்யும் வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விவரம் கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். என்னிடம் பில் இல்லை. ஆனால் கடைக்காரன் விலை சொல்லி அனுப்பிய வட்ஸ்அப் தகவல் இருக்கிறது, ஐயா கழற்றும்போது எடுத்த படங்கள் இருக்கின்றன. அவற்றோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கடைக்குப் போய்க் கேட்டபோது பெடியன் தான் அப்படிச் செய்யவில்லை, பிறகு வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சொன்னான். முதலாளி வெளியே வரவேயில்லை. விசாரணைக்குக் கூப்பிடும்போது போவேன். அந்த நீலப் பியூசைக் கம்பி சுற்றியபடியே பொலித்தீன் பையில் போட்டு அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன்.