மொட்டை மாடி வெயிலுக்கு எது சரி: வெள்ளைப் பூச்சா, காப்புப் பலகையா, ஃபால்ஸ் சீலிங்கா?

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பசுமை வீடு என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது சோலார் பேனல், அல்லது குறைவாக மின்சாரம் இழுக்கும் புது ஏசி. இரண்டும் நல்லவைதான். ஆனால் தட்டையான கான்கிரீட் தளத்துக்குக் கீழே வசிப்பவர்கள் அதற்கு முன் அந்தத் தளத்தையே கவனிக்க வேண்டும் என்பேன். மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஏறத்தாழ 1,000 வாட் வெயில் விழுகிறது. சுவருக்கு ஒரு பொழுதாவது நிழல் கிடைக்கும், ஜன்னலுக்குத் திரை போடலாம். மாடி மட்டும் காலையிலிருந்து மாலை வரை காய்கிறது. கான்கிரீட் அந்த வெப்பத்தை மெல்ல வாங்கிச் சேர்த்து வைத்து, பல மணி நேரம் கழித்துக் கீழே விடுகிறது. வெளியே காற்று குளிர்ந்த பிறகும் படுக்கையறை புழுங்குவது அதனால்தான்.

எளிய வழி வெள்ளைப் பூச்சு. நல்ல கூல் ரூஃப் பூச்சு புதிதாக இருக்கும்போது வெயிலில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். உறிஞ்சிய கொஞ்ச வெப்பத்தையும் வானத்தை நோக்கி நன்றாக உமிழும். அலுமினியப் பூச்சு பளபளப்பாகத் தெரிந்தாலும் இந்த இரண்டாவது வேலையில் பின்தங்கிவிடும்; பிடித்த சூட்டை எளிதில் விடாது. டப்பாவில் எஸ்.ஆர்.ஐ. என்ற எண்ணைத் தேடுங்கள்; வெயிலைத் திருப்பி அனுப்புவதிலும் சூட்டை உமிழ்வதிலும் பூச்சு எவ்வளவு தேறுகிறது என்பதற்கான மதிப்பெண். அளவுகோலுக்கான கறுப்புப் பரப்புக்கு 0, வெள்ளைப் பரப்புக்கு 100 என்று வைத்துக் கணக்கிடும் எண் அது. புதுப் பூச்சின் எண்ணோடு, மூன்று ஆண்டு வெயிலில் கிடந்த பிறகு எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். தூசும் பாசியும் படிந்தால் பிரதிபலிப்பு கணிசமாகக் குறையும். கழுவினால் பெரும்பகுதி மீளும். அதனால் மாடியைக் கழுவும் பழக்கம் இருந்தால்தான் இது பலன் தரும். பக்கத்தில் உயரமான கட்டடம் இருந்தால் அங்கே கண் கூசும், அதையும் யோசிக்க வேண்டும். குளிர் நாடுகளில் இந்தப் பூச்சால் பெரிய லாபமில்லை. வெயில் இல்லாத நேரத்தில் அது வெறும் பெயின்ட்தான்.

காப்புப் பலகையின் பலம் அங்கேதான். வெப்பம் உள்ளே வருவதையும் தடுக்கும், வெளியே போவதையும் தடுக்கும்; ஊர் சூடா குளிரா என்று பார்க்காது. 50 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். (நெருக்கமாக நுரைக்க வைத்த பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்) பலகை வெப்பத்தைத் தடுக்கும் அளவுக்குக் கான்கிரீட்டிலேயே தடுக்க வேண்டுமானால் இரண்டு மீட்டருக்கு மேல் தடிமன் வேண்டும். தளத்தின் தடிமனைக் கூட்டினால் வீடு குளிரும் என்று நம்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லத் தோன்றுகிறது.

பலகையைத் தளத்தின் மேலே போடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. தளம் பகலில் விரிந்து இரவில் சுருங்குவது குறைவதால் விரிசலும் குறையும். தளத்தின் மேல் நீர்க்கசிவுத் தடுப்பு, அதற்கு மேல் பலகை, அப்புறம் வடிதுணி (தண்ணீரை மட்டும் விட்டு மண்ணைத் தடுக்கும் துணி), ஓடு என்று அடுக்கினால் கசிவுத் தடுப்புப் படலமும் வெயில் படாமல் நீண்ட நாள் இருக்கும். இப்படி ஈரத்தில் கிடக்க எக்ஸ்.பி.எஸ். மாதிரி தண்ணீர் குடிக்காத பலகைதான் சரி. தெர்மோகோல் மலிவு, ஆனால் அதைவிட அதிகமாக ஈரம் பிடிக்கும். கசிவுத் தடுப்புக்குக் கீழே மட்டும் வைக்கலாம். பாறையை உருக்கி இழுத்த நாரான ராக் வூலுக்கும் இதே கட்டுப்பாடுதான். எக்ஸ்.பி.எஸ். வாங்கும்போது அதை எந்த வாயுவால் நுரைக்க வைத்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். எச்.எஃப்.சி.-134ஏ போன்ற வாயு கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கக்கூடியது. பசுமை வீடு கட்டுகிறேன் என்று அதை மாடியில் பரப்புவதில் அர்த்தமில்லை. கார்பன் டை ஆக்சைடால் நுரைக்க வைத்த பலகையும் கிடைக்கிறது.

சிரமங்களும் இருக்கின்றன. தரைமட்டம் உயரும். மாடிக்கதவின் நிலைப்படி, மழைநீர்க் குழாயின் வாய், வாட்டம் எல்லாவற்றையும் புதிதாகப் பார்க்க வேண்டும். கைப்பிடிச் சுவர் அதே அளவுக்குக் குட்டையாகிவிடும்; குழந்தைகள் ஏறும் மாடி என்றால் சுவரை உயர்த்தாமல் வேலையை முடிக்கக் கூடாது. கூடுதல் எடையைத் தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்பதும் அவசியம்.

மூன்றாவது, காப்பு வைத்த ஃபால்ஸ் சீலிங். மாடியைத் தொடாமல் முடித்துவிடலாம் என்பதே இதன் கவர்ச்சி. ஆனால் தளம் பழையபடியே வெயிலில் வேகும், விரியும், அந்தச் சூடு ஓரங்களில் சுவர் வழியாக இறங்கும். மேலே கசிவு தொடங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. குளிர் நாட்டில் வீட்டுக்குள்ளிருக்கும் ஈரக்காற்று இடுக்கு வழியே ஏறிக் குளிர்ந்த தளத்தில் பட்டு நீராகி, பூஞ்சை பிடிக்கும். அதற்கு அறைப் பக்கம் ஈரத்தடுப்புத் தாள் வேண்டும். இருந்தாலும் மாடி உங்களுடையதல்லாத அடுக்குமாடி வீட்டில் வேறு வழியில்லை. இரவில் ஓர் அறைக்கு மட்டும் சில மணி நேரம் ஏசி போடுகிறவர்களுக்கு இது உதவவும் செய்யும், ஏனென்றால் தளத்தின் சூட்டோடு ஏசி மல்லுக்கட்ட வேண்டியதில்லை. உள்ளே வைப்பது தீப்பிடிக்காத ராக் வூலாக இருக்கட்டும், தெர்மோகோல் வேண்டாம்.

என் தேர்வு இதுதான். கட்டிமுடித்த வீடு, மாடியில் கசிவில்லை, ஊர் வெப்பமானது என்றால் இப்போதைக்கு வெள்ளைப் பூச்சு போதும். கசிவுத் தடுப்பு பழுதாகி எப்படியும் பெயர்த்துப் போட வேண்டிய நாள் வரும்; காப்புப் பலகைக்கு அதைவிட நல்ல சமயம் இல்லை, ஏனென்றால் கூலியின் பெரும்பங்கு அந்த வேலையிலேயே போய்விடுகிறது. புது வீட்டுக்கும், குளிர் ஊருக்கும் தயங்காமல் பலகைதான். பூச்சு, பலகை இரண்டையும் செய்தால் விற்பவர்கள் சொல்லும் சதவீதங்களைக் கூட்டிப் பார்க்காதீர்கள். பூச்சு தடுத்த வெப்பத்தைப் பலகை மறுபடி தடுக்க முடியாது.

சோலார் பேனலும் ஒரு கூரைதான். 2011இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள், பேனலுக்குக் கீழே இருந்த உட்கூரை பகலில் 5 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட 3 டிகிரி செல்சியஸ், குளிர்ந்திருந்ததாக அளந்து சொன்னார்கள். பேனலுக்கும் தளத்துக்கும் நடுவே காற்று ஓட இடைவெளி விடுங்கள். 25 டிகிரி செல்சியஸைத் தாண்டி பேனல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் உற்பத்தி ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். பேனல் ஏறிவிட்டால் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் அங்கேயே இருக்கும் என்பதால், கசிவுத் தடுப்பையும் காப்பையும் முடித்துவிட்டுத்தான் அதன் கால்களை ஊன்ற வேண்டும்.