'ஃபன்' என்று தட்டினால் என்ன கிடைக்கும்? எடிம்ஆன்லைன் ஒரு மதிப்பீடு

வடசென்னைக் காசிமேட்டு டீக்கடையில் "இன்னா நைனா, டபாய்க்கிறியா?" என்றால் ஏமாற்றுகிறாயா என்று அர்த்தம். "கலாய்க்கிறியா?" என்றால் கிண்டல். ஆங்கிலத்தின் 'ஃபன்' டபாய்ப்பதில் பிறந்து, கலாய்ப்பதைத் தொட்டு, கடைசியில் ஜாலியில் வந்து நிற்கும் சொல். அந்த வழித்தடத்தைக் காசு செலவில்லாமல் பார்க்க எடிம்ஆன்லைன் நல்ல தளம். டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்துவரும் சொற்பிறப்பு அகராதி இது.

'ஃபன்' பதிவில் சரக்கு அதிகம். 1680களில் அது வினைச்சொல், பொருள், ஏய்ப்பது. 1700 வாக்கில் பெயர்ச்சொல்லாகி 'தில்லுமுல்லு' என்று நின்றது. 'கேளிக்கை' என்ற பொருள் 1727இல்தான் எழுத்தில் வருகிறது. இதற்கு முன்னால் இருந்தது, ஒருவனை முட்டாளாக்குவதைக் குறித்த 'ஃபான்' என்ற இடைக்கால ஆங்கிலச் சொல்லாக இருக்கலாம். இன்று 'பிரியம்' என்று பொருள்படும் 'ஃபாண்ட்' கூட ஒரு காலத்தில் 'அசட்டுத்தனமான' என்றுதான் பொருள்பட்டது. 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனுக்கு 'ஃபன்' பிடிக்கவில்லை. 'லோ கேன்ட் வேர்ட்', அதாவது தாழ்ந்த கொச்சைச் சொல் என்று முத்திரை குத்தினார். இன்றைய பேச்சில் சொன்னால், லோக்கல் பாஷை. ஒருவரை 'மேக் ஃபன் ஆஃப்' செய்வது என்கிறோமே, அதில் பழைய விஷமம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

பயன்படுத்துபவர்கள் சறுக்கும் இடம் ஆண்டுக்கணக்கு. 1727 என்பது அந்தப் பொருள் எழுத்தில் முதலில் சிக்கிய ஆண்டு. பிறந்த தேதி அல்ல. தெருவில் அதற்கு முன்பே புழங்கியிருக்கும். ஆண்டுக்கு முன்னால் 'சி.' என்றிருந்தால் 'ஏறக்குறைய'. சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அது எங்கும் எழுதப்பட்டுக் கிடைத்ததல்ல, அறிஞர்கள் ஊகித்துக் கட்டிய வடிவம். 'அநேகமாக' என்று பொருள்படும் 'பிராபப்ளி' என்ற சொல்லைத் தாண்டிப் படித்துவிட்டு, ஊகத்தை முடிந்த தீர்ப்பாகக் கட்டுரையில் எழுதிவிடுபவர்கள் நிறைய. பிரவுசரின் தானியங்கி மொழிபெயர்ப்பையும் அணைத்துவிடுங்கள். மேலே சொன்ன 'கேன்ட்'டை 'முடியாது' என்று அது புரிந்துகொண்டால் வாக்கியமே கவிழ்ந்துவிடும்.

'ஃபன்னி'க்குத் தனிப் பதிவு இருக்கிறது, அதையும் திறக்க வேண்டும். 'விசித்திரமான' என்ற பொருள் அங்கேதான், 1806 என்று குறித்து.

குறை என்றால், ஒவ்வொரு பொருளுக்கும் பழைய நூல்களின் வாக்கியங்களை வரிசையாகக் காட்டுவதில்லை. அதற்கு ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதிதான் வேண்டும். இணையத்தில் முழுதாகப் படிக்கச் சந்தா கேட்கும். தமிழ்ப் பொருளை இங்கே எதிர்பார்க்கவே வேண்டாம்.

தமிழ்ப் பக்கத்துக்குச் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இலவசமாகக் கிடைக்கிறது. 'கலாய்த்தல்' பார்த்தால் சினப்பது, சண்டைக்கு நிற்பது என்று வரும். அங்கே சண்டையாக இருந்தது வடசென்னையில் கிண்டலாகிவிட்டது, 'ஃபன்' போலவே. 'கலாய்க்கிறான்' என்று தட்டினால் பதிவு கிடைக்காது. 'கலாய்' என்ற பகுதியை மட்டும் கொடுங்கள்.