அரை இஞ்சு பைப்பை நம்பாதீர்கள்: வீட்டில் செய்த ஃபோம் டார்ட் பிளாஸ்டர், இரண்டு வருடப் பயன்பாட்டுக்குப் பின்

பிளாஸ்டர் என்றால் நெர்ஃப் பொம்மைத் துப்பாக்கிபோல, ரப்பர் இழுக்கும் பிஸ்டன் தள்ளுகிற காற்றால் மெத்தென்ற ஃபோம் டார்ட்டை எறியும் விளையாட்டுச் சாமான். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஹார்ட்வேர் கடைக்குப் போய் "தவுக்கே, அரை இஞ்சு பைப்பு" என்று கேட்டால் 21.4 மி.மீ. வெளிவிட்டமுள்ள தண்ணீர்க் குழாயைத்தான் எடுத்துத் தருவார்கள். அதன் உட்துளை ஏறக்குறைய 18 மி.மீ. நெர்ஃப் வகை டார்ட்டோ 12.7 மி.மீ. பின்னால் போட்டால் முன்னால் வந்து விழும். அமெரிக்கக் காணொளிகளில் அதே 'அரை இஞ்சு' கச்சிதமாகப் பொருந்துகிறதே என்றால், அவர்கள் எடுப்பது சுடுதண்ணீருக்கான சிபிவிசி குழாய். அதன் உட்துளை 12.5க்குப் பக்கம். பெயர் ஒன்று, சாமான் வேறு.

நமக்கு ஒத்துவருவது 16 மி.மீ. வெளிவிட்டம், 1.5 மி.மீ. சுவர் கொண்ட அலுமினியக் குழாய். உள்ளே 13 வரும். ஜன்னல் செய்கிற பட்டறையில் வெட்டி மிஞ்சிய துண்டு 30 செ.மீ. இருந்தால் போதும். டார்ட்டையும் கையோடு கொண்டு போய்ப் போட்டுப் பாருங்கள். குழாயைச் செங்குத்தாகப் பிடித்தால் டார்ட் நழுவக்கூடாது, வாயால் ஊதினால் தடையில்லாமல் ஓட வேண்டும். நழுவினால், டார்ட் உட்காரும் பின்முனையில் மட்டும் உட்புறமாக ஒரு சுற்று மின்சார டேப். டேப்பின் தடிமன் 0.13 மி.மீ.; இரண்டு பக்கமும் சேர்த்து 0.26 குறையும். அதற்கு மேல் சுற்றினால் டார்ட் சிக்கும்.

இந்தக் குழாயின் பின்முனையில் ஏழெட்டுச் சுற்று டேப் சுற்றி, 8 செ.மீ. அரை இஞ்சு பைப்புக்குள் இறுக்கினால் இடைவெளி அடைபடும். அந்தப் பைப்பு, ஒரு இஞ்சுக்கு அரை இஞ்சு ரெடியூசரில் (பெரிய பைப்பையும் சின்ன பைப்பையும் இணைக்கும் துண்டு) பசையோடு உட்காரும். ரெடியூசருக்குப் பின்னால் 25 செ.மீ. ஒரு இஞ்சு பைப்பு, கடைசியில் மூடி. மூடிக்குப் பசை வேண்டாம், இரண்டு சின்ன ஸ்க்ரூ போதும். உள்ளே அடிக்கடி கை வைக்க வேண்டியிருக்கும்.

பிஸ்டன் தலைக்கு ஜப்பான் சிலிப்பரைவிட நல்ல சாமான் கிடைக்கவில்லை. பழைய செருப்பிலிருந்து 30 மி.மீ. வட்டம் வெட்டி, இரண்டு 25 மி.மீ. வாஷருக்கு நடுவில் வைத்து எம்6 போல்ட்டால் இறுக்கினால் ரப்பர் பக்கவாட்டில் பிதுங்கிக் குழாய்ச் சுவரை அணைக்கும். அலுமினியக் குழாயின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனின் தண்டைத் தள்ளிப் பாருங்கள். காற்று மெத்தைபோல் எதிர்க்க வேண்டும். மாதங்கள் போனால் செருப்பு அமுங்கிப்போகும், நட்டைக் கால் சுற்று திருகினால் மறுபடி பிடிக்கும். ரெடியூசர் வாயிலும் நடுவில் துளையிட்ட ஒரு செருப்பு வளையம் ஒட்டுங்கள். அது இல்லாமல் டார்ட் போடாமல் நாலு முறை வெறுமனே விட்டால் பசைபோட்ட இணைப்பு விரிசல் விடும்.

பிஸ்டனை 15 செ.மீ. இழுத்தால் சுமார் 100 க.செ.மீ. காற்று வரும். 30 செ.மீ. நீளமுள்ள 13 மி.மீ. குழாய்க்குள் 40 தான் கொள்ளும். இந்த இரண்டரை மடங்கு போதும். குழாயை 60 ஆக்கினால் தூரம் கூடும் என்று நினைப்பது வீண். காற்றின் வேகம் தீர்ந்த பிறகு உராய்வு டார்ட்டைப் பிடித்து இழுக்கும்.

சுடும் விசைக்கு (டிரிகர்) ஸ்பிரிங் தேவையில்லை. மூடியில் 16 மி.மீ. துளை, அதில் 12 மி.மீ. மரத்தண்டு. தண்டின் அடியில் 3 மி.மீ. ஆழ வெட்டு: பின்சுவர் செங்குத்து, முன்பக்கம் சாய்வு. ஒரு சின்ன ரப்பர் வளையம் தண்டைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். இழுத்ததும் வெட்டு மூடியின் விளிம்பில் மாட்டும், கட்டைவிரலால் தண்டை மேலே தூக்கினால் விடுபடும். முதலில் தேய்வது இந்தப் பின்சுவர்தான். மரம் மழுங்கினால் பிஸ்டன் தானாக விடுபடும், அது ஆபத்து. வெட்டியதுமே சூப்பர் குளூ ஊற்றி ஊறவிடுங்கள், அதுவும் போனால் தண்டையே மாற்றுங்கள்.

பிஸ்டனை முன்னோக்கி இழுக்கும் ரப்பருக்கு சைக்கிள் டியூப் வேண்டாம். அது பெரும்பாலும் பியூட்டைல்; காற்றைப் பிடிக்கும், ஆனால் மீளும்போது சோம்பேறி. லாஸ்டிக்குக்கு (கவட்டை வில்) போடும் இயற்கை ரப்பர் பட்டை பக்கத்துக்கு ஒன்று. ரப்பர் மரத்து ஊரில் இதைச் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால் இழுத்த நிலையில் மாட்டி வைத்தால் ஓசோன் பட்டு மேல்தோலில் குறுக்காக மயிரிழை வெடிப்புகள் வரும். வளைத்துப் பார்த்தால் தெரியும், உடனே மாற்றுங்கள். உயவுக்கு சிலிகான் கிரீஸ் மட்டும். வேசலினும் தேங்காயெண்ணெயும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்.

டார்ட்டைக் குழாய்க்குள் விட்டுவைக்காதீர்கள், நசுங்கிய வடிவிலேயே நின்றுவிடும். ஆணி, திருகு எதையும் முனையில் சொருகக்கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் விளையாட வேண்டாம்.

கறுப்புப் பெயிண்ட் ஆசையையும் விட்டுவிடுங்கள். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியையும் விட்டுவைப்பதில்லை. பிடியில்லாத, ஆரஞ்சு நிறத் தண்ணீர்க் குழாய்போலவே இருக்கட்டும். படாங்குக்கு (திடல்) கொண்டுபோகும்போது கழற்றிப் பையில் போடுங்கள்.