முயல்களைச் சேர்த்து வைப்பதாகச் சொன்னவரிடம் 4,500 ரூபாயை இழந்தேன்

எங்கள் முயல் நுங்கின் காதில் தையல் போட்டுக்கொண்டு நேற்று இரவுதான் வீடு திரும்பினோம். ஆகவே இதை ஆறிய மனத்தோடு எழுதவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் நுங்கு, கருப்பட்டி என்ற இரண்டு முயல்கள் இரண்டு ஆண்டுகளாக ஒரே தட்டில் தின்று, ஒன்றையொன்று நக்கிவிட்டு, ஒட்டிப் படுத்து உறங்கின. பெட்டையான நுங்குக்குத் தாடையில் சீழ்க்கட்டி வந்து அறுவை செய்ய நேர்ந்ததால், மூன்று வாரம் அதைத் தனி அறையில் வைத்திருந்தோம். மருந்து வாடையோடு திரும்பி வந்ததைக் கருப்பட்டி ஏற்கவில்லை. பார்த்ததும் பாய்ந்து மயிரைப் பிடுங்கியது. முயல் துணையை அறிவது பெரிதும் மோப்பத்தால்தான்.

பிரிந்த ஜோடியைச் சேர்த்துத் தருவதாக விளம்பரம் செய்திருந்த, மீன் தொட்டியும் பறவைக் கூண்டும் விற்கிற கடை ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்தவர் நுங்கைத் தூக்கிய விதத்தில்தான் நான் ஏமாந்தேன். காதைப் பிடிக்காமல், பின்னங்கால்களுக்கு அடியில் கையைக் கொடுத்து நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். இரண்டுக்கும் பழக்கமில்லாத இடத்தில், நடுவே கம்பிவலை வைத்து, விரிப்புகளை மாற்றிப் போட்டு, பத்து நாளில் மெல்லப் பழக்குவதாக, நான் படித்து வைத்திருந்த அத்தனையையும் அவரே ஒப்பித்தார். "நம்ம வீட்டுப் புள்ள மாதிரி பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்றார். ரசீதுகூடக் கேட்காமல் 4,500 ரூபாயையும் அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன்.

மறுநாளே காணொளி வந்தது. இரண்டும் ஒரு பெட்டிக்குள் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தன. அதைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. இரண்டையும் அட்டைப்பெட்டியில் அடைத்து, பைக்கில் வண்ணார்பேட்டை வரை குலுக்கிக்கொண்டு போய் வந்தார்கள் என்பதைக் கடைப் பையன் பின்னால் சொன்னான். பயத்தில் ஒடுங்கிக் கிடந்ததைத்தான் பாசம் என்று படம்பிடித்திருக்கிறார்கள். பயம் தெளிந்ததும் ஒரே கூண்டுக்குள் ஒன்றையொன்று குதறியதில் நுங்கின் காது கிழிந்தது, கருப்பட்டியின் விலாவில் தோல் பிய்ந்தது.

"முயலுன்னா கடிக்கத்தான செய்யும்?" என்பது, போய்க் கேட்டபோது அவர் தந்த முதல் பதில். தீவனத்துக்கே 4,500 ரூபாய் ஆகிவிட்டது என்பது இரண்டாவது. நான்கு நாளில் இரண்டு முயல்கள் அவ்வளவுக்கா தின்றன? மூன்றாவதாக, முதலாளி வந்ததும் பேசுங்கள் என்றார். அதுவரை நான் முதலாளி என்று நினைத்திருந்தது அவரைத்தான். இப்போது என் எண்ணையே முடக்கிவிட்டார்கள். தையல் செலவு தனி. போன 4,500 போனதுதான்.

வீட்டிலேயே சேர்ப்பது எப்படி என்று விரிவாக எழுத எண்ணியிருந்தேன். ஆனால் நுங்கு காலையிலிருந்து புல்லைத் தொடவில்லை, இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கிளம்ப வேண்டும். ஆகவே சுருக்கமாக: முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள், ரசீது வாங்குங்கள், காணொளியை நம்பாதீர்கள், சேர்க்கும்போது கூடவே இருங்கள். சண்டை மூண்டால் வெறுங்கையை நடுவில் நீட்டாதீர்கள்; என் கட்டைவிரலிலும் கட்டு இருக்கிறது. அரை நாள் தின்னாமல் கிடந்தாலே முயலுக்குக் குடல் இயக்கம் நின்றுவிடக்கூடும், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.