டைட்டேனியம் என்று சொல்லி எவர்சில்வரை விற்றான்: 186 டாலர் போயிற்று

402 கிராம். அடை மாவு நிறுக்கும் தராசில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, தராசுதான் பழுது என்று நினைத்தேன். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். தராசு சரியாகத்தான் இருந்தது. பழுது என் புத்தியில்.

டொராண்டோவிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் வண்டி ஓட்டினால் அல்கான்குவின் பூங்கா. பிப்ரவரி மாதக் குடும்ப தின விடுமுறையில் அங்கே பனியில் கூடாரம் போட்டுத் தங்குவது என்று நண்பர்கள் மூன்று பேர் முடிவு செய்தோம். கூடாரத்துக்குள் விறகடுப்பு வேண்டும். அதையும் முதுகுப்பையில் வைத்துத்தான் சுமக்க வேண்டும். கடையில் விற்கும் அடுப்பின் விலையைக் கேட்டாலே குளிர் விட்டுப்போகும். நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். மெல்லிய டைட்டேனியத் தகட்டில் உடல், அதைவிட மெல்லிய தகட்டைப் பாய்போலச் சுருட்டிப் புகைக்குழாய். கழற்றினால் எல்லாம் ஒரு கையடக்கச் சுருளாகிவிடும். எவர்சில்வரின் எடையில் பாதியைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான் டைட்டேனியம். தோளுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

தனியாட்கள் பொருள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் ஒருவன் அகப்பட்டான். நான் ஏமாந்த இடம் விலை அல்ல, அவன் பேச்சு. இரவு பதினொன்றரைக்குக்கூடப் பதில் எழுதினான். கூடாரத்தில் குழாய்க்கான துவாரம் எவ்வளவு அகலம், அதைச் சுற்றி வெப்பம் தாங்கும் துணி தைத்திருக்கிறார்களா என்று அவனாகவே கேட்டான். "ஏழு சென்டிமீட்டர் குழாய்க்குச் சுற்றளவு 22 வரும், ஒன்றன்மேல் ஒன்று ஏற இரண்டு சேர்த்து 24 சென்டிமீட்டர் அகலம் வாங்குங்கள். முதல் தடவை வெளியில் வைத்து எரித்தால் தகடு குழாய் வடிவத்தில் படிந்துவிடும்" என்றான். எல்லாம் சரியான கணக்கு. இவ்வளவு தெரிந்தவன் பொய் சொல்வானா என்று நினைத்தேன். தெரிந்தவனால்தான் இவ்வளவு அழகாகப் பொய் சொல்ல முடியும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

கூடவே ஒரு வீடியோ. தகட்டின்மேல் காந்தத்தை வைக்கிறான், வழுக்கி விழுகிறது. "பாருங்கள், அசல் டைட்டேனியம்." நம் வீட்டுச் சாம்பார் வாளியிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது என்பதை அந்த நேரம் நான் நினைத்தேனா? இல்லை. விளம்பர விலை 206 டாலர். வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பினால் 20 குறைத்துக்கொள்வதாகச் சொன்னான். அனுப்பினேன். 186 டாலர், ஒரே சொடுக்கில்.

பொட்டலம் வந்தது. தகட்டைப் பிரிக்கும்போது ஓமப்பொடிப் பாக்கெட்டைக் கசக்குகிற சத்தம். விளிம்பு விரலைக் கீறியது, அதுகூடச் சந்தோஷமாக இருந்தது. உடலுக்கான தகட்டை அன்றிரவே கத்தரியால் வெட்டிவிட்டேன். பிறகுதான், மொத்த எடையைக் குறித்து வைப்போமே என்று குழாய்ச் சுருளைத் தராசில் வைத்தேன். 24 சென்டிமீட்டர் அகலம், 210 நீளம், 0.1 மில்லிமீட்டர் கனம். டைட்டேனியமாக இருந்தால் 227 கிராமுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 402 என்றது.

மறுநாள் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் வெட்டிய துண்டைக் கொண்டுபோனேன். சாணைச் சக்கரத்தில் பிடித்தார். டைட்டேனியம் என்றால் கண் கூசும் வெள்ளைப் பொறி சிதற வேண்டும். இதில் மஞ்சளாக நாலு பொறி சோம்பலாக விழுந்தது. "தம்பி, இது நம் ஊரில் பாத்திரக்கடையில் எடை போட்டு விற்கிற சரக்கு" என்றார்.

விற்றவனுக்கு எழுதினேன். முதலில் உங்கள் தராசு சரியில்லை என்றான். தராசைச் சோதித்துவிட்டேன் என்றதும், டைட்டேனியத்தில் பல கலவைகள் உண்டு என்றான். எந்தக் கலவையும் எவர்சில்வர் எடைக்கு வராது என்று எழுதினால், மறுபடி அதே காந்த வீடியோ வருகிறது! கடைசியில், "வெட்டிய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை." அதற்குப் பிறகு என் செய்திகளை அவன் திறக்கவே இல்லை. சந்தை நடத்துகிறவர்களிடம் போனால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, விற்றவரிடமே பேசுங்கள் என்கிறார்கள். வங்கியில் முக்கால் மணி நேரம் இசை கேட்க வைத்துவிட்டு, நீங்களாக அனுப்பிய பணம், அவர் கணக்கில் சேர்ந்துவிட்டது, எங்களால் ஒன்றும் செய்ய இயலாது என்றார்கள். சந்தைக்காரர்கள், வங்கிக்காரர்கள் இரு தரப்புமே கடைசியில் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்றார்கள். எனக்கு ஏது பொறுமை? 186 டாலர் போயிருக்கிறது.

எவர்சில்வரைக் குறை சொல்லவில்லை. அதிலும் நல்ல கூடார அடுப்புகள் உண்டு, புகைக்குழாயும் உண்டு. எவர்சில்வர் என்று சொல்லி உரிய விலைக்கு விற்றிருந்தால் மறுபேச்சில்லாமல் வாங்கியிருப்பேன்.

அடுப்பு செய்யும் முறையைப் படிப்படியாக எழுதுவதாகச் சிலரிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனம் இல்லை. இவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கத்தரியை எடுக்கும் முன் தராசை எடுங்கள்: நீளம், அகலம், கனம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, வருவதை 4.5 ஆல் பெருக்கினால் டைட்டேனியத்தின் எடை கிராமில் வரும். 8 ஆல் பெருக்கினால்தான் பொருந்துகிறது என்றால் அது எவர்சில்வர். காந்தத்தை நம்பாதீர்கள். கடன் அட்டையில் கட்டுங்கள், 20 டாலருக்கு ஆசைப்படாதீர்கள். ஆத்திரத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று துத்தநாகம் பூசிய தகட்டுக்குப் போய்விட வேண்டாம், சூட்டில் எழும் அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். எந்த அடுப்பானாலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் கூடாரத்துக்குள் மூட்டாதீர்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

இன்று காலை பார்த்தேன். விளம்பரம் அப்படியே இருக்கிறது, காந்த வீடியோவோடு. விலைதான் 215 ஆகியிருக்கிறது.