ஸ்கைரிம்: மூன்றாம் முறை நடந்து முடித்த பின்

த எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கணினி விளையாட்டு வரிசையில் ஐந்தாவதான ஸ்கைரிம் 2011 நவம்பர் 11ஆம் திகதி வெளிவந்தது. நான் அதை முதன்முதலில் கண்டது 2013இல், மட்டக்களப்பு அரசடியில் இருந்த ஒரு நெற் கபேயில். மணித்தியாலத்துக்குக் காசு கட்டி விளையாடியதால் வழியில் நின்று எதையும் பார்க்க மனம் வரவில்லை. வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டவுடன் அங்கே கொண்டுபோய் விடும் வசதியைப் பிடித்துக்கொண்டு, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தாவித் தாவி, அல்டூயின் என்ற பெரிய டிராகனைக் கொன்று கதையை முடித்தபோது, விளையாட்டு நடக்கும் ஸ்கைரிம் என்ற அந்தக் கற்பனை நாட்டின் காற்பங்கைக்கூட நான் பார்த்திருக்கவில்லை.

இரண்டாம் முறை 2017இல், சொந்தமாக ஒரு லப்டொப் வாங்கிய பின், 64 பிட்டுக்கு மாற்றப்பட்டு 2016 ஒக்டோபரில் வந்த சிறப்புப் பதிப்பில் விளையாடினேன். விட்டதையெல்லாம் பிடித்துவிட வேண்டும் என்ற அவா அப்போது இருந்தது. மாந்திரீகக் கல்லூரி, வீரர் கூட்டம், திருடர் சங்கம், கொலையாளர் குழு என்று எங்கெல்லாம் சேரலாமோ அங்கெல்லாம் சேர்ந்து, எல்லாவற்றிலும் உச்சிக்குப் போனேன். மூன்றாம் முறை தொடங்கியது 2022இன் தொடக்கத்தில். வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் கிடைத்த நேரத்தில் விளையாடியதால் முடிக்க ஒன்றரை வருடம் பிடித்தது. மூன்றில் எது சிறந்தது என்று கேட்டால் தயங்காமல் கடைசியையே சொல்வேன். இந்த விளையாட்டின் மேல் எனக்குள்ள கோபம் முற்றியதும் அந்தக் கடைசி முறையில்தான்.

மகிழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். 2021 நவம்பரில், பத்தாண்டு நிறைவை ஒட்டி, சிறப்புப் பதிப்பு வைத்திருந்த எல்லோருக்கும் சில சேர்க்கைகள் இலவசமாகக் கிடைத்தன. அவற்றில் ஒன்று சர்வைவல் மோட். அதை இயக்கினால் பசி, களைப்பு, குளிர் மூன்றும் உங்கள் உடம்பில் ஏறும். வரைபடத்தைத் தொட்டுத் தாவும் வசதி முற்றாக மூடப்படும். நகரங்களுக்கு இடையில் குதிரை வண்டி உண்டு. மற்ற இடங்களுக்கு நடந்துதான் போக வேண்டும். வெளியில் கச்சான் காற்று அனலாக வீச, மின்விசிறியின் கீழ் வேர்த்துக்கொண்டு இருக்கும் ஒருவன், திரையில் தன் ஆள் குளிரில் விறைத்துச் செத்துவிடுவான் என்று பதைபதைப்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விசித்திரமாக இருக்கலாம். ஆனால் ரிவர்வூட் கிராமத்திலிருந்து ஆற்றோரமாக இறங்கி, மரங்கள் விலகி, வைட்ரன் சமவெளியும் மேட்டின் மேலுள்ள கோட்டையும் திடீரெனத் தெரியும் அந்த வளைவை நான் உண்மையில் பார்த்தது இந்த மூன்றாம் முறையில்தான். அதற்கு முன் இரண்டு தடவையும் அதே வழியால் ஓடியிருக்கிறேன். இரவில் இசையமைப்பாளர் ஜெரமி சோலின் இசை மெல்ல எழும்பி அடங்கும் விதமும், நடக்கிறவனின் வேகத்துக்காகவே செய்யப்பட்டதாக எனக்கு இப்போது படுகிறது.

ஒரு சம்பவத்தைச் சொன்னால் விளங்கும். வடகிழக்கே விண்ட்ஹெல்ம் நகரத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். பனிப்புயல் பிடித்தது, குளிர் ஏற ஏற உடல்நலக் கோட்டின் ஒரு பகுதி ஆறாத புண்ணைப் போல மங்கிப் போனது. கையில் சூடான சூப் எதுவும் மிச்சமில்லை. பாதையோரம் நைட்கேட் சத்திரத்தின் வெளிச்சம் தெரிந்தபோது எனக்கு வந்த நிம்மதி நிசமானது. உள்ளே நெருப்பின் அருகில் நின்று சூடேறிய பின், சத்திரத்தில் தங்கியிருந்த ஓர்க் என்ற இனத்தவர் ஒருவருடன் பேச்சுக் கொடுத்தேன். ஒரு வசனம் பேசியதும் ஆளை அடையாளம் கண்டுவிட்டேன். அவர் பெயர் மறைத்து வாழும் புகழ்பெற்ற சமையற்கலைஞர்; 2017இல் கொலையாளர் குழுவின் வேலையாக வந்து, முகத்தைக்கூடச் சரியாகப் பாராமல் நான் கொன்றுவிட்டுப் போன அதே ஆள். அன்று எனக்கு அவர் வரைபடத்தில் ஓர் அம்புக்குறி மட்டுமே. இம்முறை அங்கே இரண்டு இரவுகள் தங்கினேன். ஒரு விளையாட்டை மீண்டும் விளையாடுவதால் கிடைக்கும் பெரிய பேறு எனக்கு இத்தகைய தருணங்களே.

சின்னஞ்சிறு வேலைகளிலும் அதே சுகம் இருக்கிறது. கோதுமையையும் நீல மலைப்பூவையும் சேர்த்தால் காயம் ஆற்றும் மருந்து வரும். இரண்டும் வைட்ரனைச் சுற்றித் தாராளமாகக் கிடைக்கும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த என் மருமகன் ஒருநாள் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, "என்ன மாமா, டிராகன் பறக்கிது, நீங்க பூ ஆய்ஞ்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டான். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு, "அந்தா, அந்தக் கல்லுக்குப் பின்னால ரெண்டு பூ கிடக்கு" என்று காட்டியவனும் அவன்தான். பேச்சும் புத்தகங்களும் முழுக்க ஆங்கிலத்தில் இருப்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தடையாக இருக்கும். தமிழ் இல்லை என்பது உண்மையான குறை. ஆயினும் அந்த உலகத்தின் அலுமாரிகளில் கிடக்கும் சிறு புத்தகங்களை வாசித்தே என் ஆங்கிலம் ஓரளவு தேறியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி எரிச்சல்கள். சுமை முதலாவது. தொடக்கத்தில் 300 அலகு தூக்கலாம். சர்வைவல் மோடில் அது இன்னும் குறையும். ஒரு டிராகன் எலும்பு 15 அலகு. கொன்ற டிராகனின் எலும்பையெல்லாம் எடுத்தால் நடக்க முடியாது. விட்டுப்போனால் மனம் கேளாது. கணினியில் விளையாடுபவருக்கு மெனுவும் தொல்லைதான், ஏனென்றால் அது கொன்ரோலரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. ஸ்கை யூஐ என்ற மொட், அதாவது ரசிகர்கள் செய்த ஒரு மாற்றச் சேர்க்கை, போட்டதும் அந்தத் தொல்லை தீர்ந்துவிடுகிறது.

பக்குகளை, அதாவது நிரலில் உள்ள பிழைகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் முடியாது. வெளிவந்த மாதத்திலேயே ஒரு திருத்தத்தின் பின் டிராகன்கள் பின்பக்கமாகப் பறந்தன என்பது இந்த விளையாட்டின் பழைய கதை. விண்ட்ஹெல்மில் பெண்கள் கொல்லப்படுவதைத் துப்புத் துலக்கும் வேலை பலருக்கும் பாதியில் நின்றுவிடுவது தெரிந்ததே. 2017இல் எனக்கும் நின்றது. ரசிகர்கள் ஆண்டுக்கணக்காகப் பாடுபட்டுச் செய்த அதிகாரபூர்வமற்ற திருத்தத் தொகுப்பை முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மொட்டுகளைக் குவிக்க வேண்டாம். விளையாட்டுப் புதுப்பிக்கப்படும்போது அவற்றில் சில இயங்காமல் போகும். 2021 நவம்பரில் அப்படித்தான் நடந்தது. நான் பதினொரு மொட்டுகளுடன் நிறுத்திக்கொண்டேன்.

விளையாட்டைச் சேமித்து வைக்கும் விடயத்தில் என் அனுபவம் கசப்பானது. 2022 மார்ச் மாத இறுதியில் நாட்டில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது நினைவிருக்கும். என் லப்டொப்பின் பற்றறி அதற்கு முன்பே செத்துவிட்டதால் நேரடி மின்சாரத்தில்தான் ஓடியது. சேமிப்பதற்கான எஃப் 5 விசையை அழுத்திய கணத்தில் மின்சாரம் நின்றது. மறுபடி போட்டபோது அந்தக் கோப்புத் திறக்கவே இல்லை. எப்போதும் அதே விசையால் அதன் மேலேயே சேமித்து வந்ததால், மூன்று வாரத்துக்கு முந்திய ஒரு சேமிப்புத்தான் மிஞ்சியது. அன்று முதல், ஒவ்வொரு முறை எழும்பும்போதும் மெனுவுக்குப் போய்ப் புதிதாக ஒரு சேமிப்புச் செய்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

இவையெல்லாம் பொறுக்கக்கூடியவை. பொறுக்க முடியாதது, அந்த உலகத்துக்கு ஞாபகம் இல்லாதது. புதைகுழிக் குகைகள் ஒன்றைப் போலவே ஒன்று இருப்பதும், ஒவ்வொன்றின் முடிவிலும் வாசலுக்குத் திரும்ப ஒரு குறுக்குவழி திறப்பதும் முதல் முறையில் தெரியாது. மூன்றாம் முறையில் கதவைத் திறக்கும் முன்பே உள்ளே இருப்பது தெரிந்துவிடும். அதையும் மன்னிக்கலாம். ஆனால் நீங்கள் மாந்திரீகக் கல்லூரியின் தலைவராகி, அல்டூயினையும் கொன்ற பின்னர், காவலாளி உங்களை நேற்று வந்த கூலிக்காரனைப் போலப் பேசுகிறான். ஒரே ஆள் எல்லாச் சங்கத்துக்கும் தலைமை தாங்கலாம். எந்தச் சங்கமும் மற்றதைப் பற்றிக் கேட்பதில்லை.

இந்த மறதி என்னை அதிகம் வருத்திய இடம் உள்நாட்டுப் போர். அந்த நாட்டின் பெரும்பான்மை இனமான நோர்டுகள் தங்கள் தெய்வமான டாலோஸை வணங்கக்கூடாது என்று ஓர் உடன்படிக்கை தடுக்க, அதை எதிர்த்து உல்ஃப்ரிக் என்பவரின் தலைமையில் ஸ்டோம்குளோக்குகள் என்ற கிளர்ச்சிக்காரர்கள் கிளம்பியிருக்கிறார்கள். விளையாட்டின் முதற் காட்சியிலேயே நாட்டை ஆளும் பேரரசின் படை உங்கள் தலையை வெட்டக் கொண்டுபோகும். 2013இல் நான் இரண்டாவது யோசனை இல்லாமல் ஸ்டோம்குளோக்குகளுடன் சேர்ந்தேன். மூன்றாம் முறை சாம்பல் நிறமும் சிவந்த கண்களும் கொண்ட டன்மர் இனத்தவனாகத் தொடங்கினேன். விண்ட்ஹெல்ம் வாசலால் நுழைந்தவுடன், இரண்டு நோர்டுகள் ஒரு டன்மர் பெண்ணை மறித்து ஏசிக்கொண்டிருந்தார்கள். அந்த இருவரில் ஒருவன் உல்ஃப்ரிக்கின் வலக்கையாக இருப்பவரின் சொந்தத் தம்பி. இரவில் டன்மர் மக்கள் வாழும் குறுகிய ஒழுங்கைகளில் திரிந்து ஏச்சுப் பேசுபவனும் அவனே. அந்த மக்கள் எரிமலை வெடித்த தங்கள் நாட்டிலிருந்து அகதிகளாக வந்தவர்கள். பல்லி உருவம் கொண்ட ஆர்கோனியன் இனத்தவருக்கு அந்த ஒழுங்கைகளும் இல்லை. மதிலுக்கு வெளியே துறைமுகத்திலேயே வேலை, அங்கேயே படுக்கை. இந்தக் காட்சிகள் 2013இலும் அங்கே இருந்தன. நான்தான் நிற்கவில்லை.

2007இல் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து சண்டைக்குத் தப்பி வந்து, பட்டணத்துப் பாடசாலைகளில் தங்கியிருந்த சனத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். எங்கள் வகுப்பறை வாங்குகளே அவர்களுக்குக் கட்டிலாக இருந்தன. ஆகவே எந்தப் பக்கம் சரி என்று சொல்லாமல், இரு பக்கத்து நியாயத்தையும் அநியாயத்தையும் தெருவில் கிடத்திவிட்டு விலகி நிற்கும் இந்த விளையாட்டின் துணிச்சலை மனதார மதிக்கிறேன். இம்முறை பேரரசின் பக்கம் நின்றேன். போர் என்று வந்தபோது சில கோட்டைகளும், எதிரிப் படையில் இத்தனை வீதம் மீதம் என்று காட்டும் ஓர் எண்ணும்தான் கிடைத்தன. டன்மர்கள் மேல் இரக்கமுள்ள ஒருவரே விண்ட்ஹெல்மின் புதிய தலைவரானார். அவசரமாக அந்த ஒழுங்கைகளுக்கு ஓடினேன். அதே இருட்டு, அதே ஓட்டைச் சுவர், ஆர்கோனியன்கள் அதே துறைமுகத்தில். வைட்ரன் முற்றுகையில் இடிந்த சுவர்களும் எத்தனை மாதம் போனாலும் இடிந்தபடியே கிடக்கின்றன. இவ்வளவு கூர்மையாக ஒரு கேள்வியை எழுப்பத் தெரிந்தவர்கள், அதன் பின்விளைவைக் காட்டாமல் விட்டதை என்னால் ஆறப்போட முடியவில்லை.

"மறுகா அந்தச் சனத்துக்கு என்ன நடந்த மாமா?" என்று மருமகன் கேட்டான். அதற்கு விளையாட்டில் பதில் இல்லை.

பார்தர்னாக்ஸ் விடயமும் இதனோடு சேர்ந்தது. மலை உச்சியில், ஒரு காலத்தில் தான் செய்த கொடுமைகளுக்காக வருந்தி, தன் இயல்பை அடக்கி வாழும் கிழ டிராகன் அது. அல்டூயினை வெல்ல உங்களுக்கு வழிகாட்டுவதும் அதுவே. அதைக் கொன்றாலன்றி இனி உதவ மாட்டோம் என்று ஒரு குழு நிபந்தனை வைக்கிறது. அவர்களுடன் வாதாடி மனம் மாற்ற வழியே இல்லை. 2013இல், பட்டியலில் இருந்த வேலை என்பதால் கொன்றேன். இம்முறை மறுத்தேன். மறுத்தால் எதுவும் முடிவதில்லை. அந்த வேலை நாட்குறிப்பில் நிலுவையாகவே நிற்கிறது. அதைச் சரிசெய்ய மொட் இருக்கிறது, போட மனம் வரவில்லை. என் கடைசிச் சேமிப்பு அந்த உச்சியில்தான் இருக்கிறது. பனியில் பார்தர்னாக்ஸ் தன் கல்லின் மேல் அமர்ந்திருக்க, நாட்குறிப்பில் அந்த ஒரு வரி அப்படியே கிடக்கிறது.