எதிரில் ஆள் இல்லாத சண்டை: விஆர் சண்டை விளையாட்டுகளோடு சில வருடங்கள்

தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஆடும் விஆர் (மெய்நிகர் உலகம்) சண்டை விளையாட்டுகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். முதல் வாரத்தில் எல்லா விளையாட்டும் பிரமாதம்தான். முகத்தை நோக்கிக் குத்து வரும்போது தலை தானாக விலகும், நெஞ்சு படபடக்கும், வேறென்ன வேண்டும் என்று தோன்றும். சில வருடங்கள் விடாமல் ஆடிய பிறகு, புதிதாக எந்த விளையாட்டைத் தொட்டாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான். ஓங்கி விடும் குத்து நிஜத்தில் எதன் மீதும் போய்ப் படுவதில்லை. அதை இந்த விளையாட்டு எப்படிச் சமாளிக்கிறது?

கையில் பிடித்திருக்கும் கன்ட்ரோலரின் சின்ன அதிர்வைத் தவிர கைக்கு வேறெதுவும் கிடைக்காது. எதிராளியின் தாடையில் குத்து விழுந்தாலும் நம் கை நிற்காமல் அவன் தலையைத் துளைத்துக்கொண்டு போய்விடும். சண்டை என்று நம்ப வைப்பதில் உள்ள சிக்கல் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

இதற்கு எனக்குப் பிடித்த பதிலைச் சொல்வது இன்றும் 'தி த்ரில் ஆஃப் தி ஃபைட்' என்ற குத்துச்சண்டை விளையாட்டுதான். 2016-ல் முதலில் வெளியானது. இயன் ஃபிட்ஸ் என்பவர் ஏறத்தாழத் தனியாளாக உருவாக்கியது. கை நிற்காது என்பதை அது மறைக்கப் பார்ப்பதில்லை. குத்து எவ்வளவு வேகமாக வந்தது, எங்கே பட்டது என்று மட்டும் கணக்குப் பார்க்கிறது. கையைச் சும்மா வீசினால் எதிராளி அசரமாட்டான். இடுப்பைத் திருப்பி விட்டால்தான் பின்வாங்குவான். ஜாய்ஸ்டிக்கைத் தள்ளி நகரும் வசதி கிடையாது, காலால்தான் நடக்க வேண்டும். அதனால் நடமாடப் போதுமான காலி இடம் தேவை. இரண்டாவது ரவுண்டில் தோள்பட்டை கனத்து, கார்டு, அதாவது முகத்தைக் காக்கத் தூக்கி வைத்த கைகள், தானாக மார்பளவுக்கு இறங்கும். அந்த நேரம் பார்த்து நேராக ஒன்று வந்து விழும். சோர்வை விளையாட்டு நடிக்க வேண்டியதில்லை, அது நம்மிடமே இருக்கிறது.

ஆரம்பத்திலேயே கிளவுஸ் கோணத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் முஷ்டியும் கண்ணில் தெரியும் கிளவுஸும் எல்லோருக்கும் ஒரே கோணத்தில் இருப்பதில்லை. இரண்டு முஷ்டிகளையும் மெல்ல முகத்தெதிரே சேர்த்துப் பாருங்கள். கை தொடும்போது கிளவுஸும் தொட வேண்டும். இல்லையென்றால் நீங்கள் நேராக விட்ட ஜாப் (முன்கையால் விடும் நேர்க் குத்து), அங்கே மணிக்கட்டு மடங்கிய குத்தாகப் போய் விழும். 'பவரே இல்லை' என்று புலம்புபவர்களில் பலரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

2018-ல் வந்த இன்னொரு குத்துச்சண்டை விளையாட்டான 'கிரீட்: ரைஸ் டு குளோரி' வேறு வழியில் போகிறது. கண்டபடி குத்திக்கொண்டே இருந்தால் நம் கதாபாத்திரம் களைத்துப்போகும். அதன் கை நம் கையைவிட மெதுவாக நகரத் தொடங்கும். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் என் கையை இன்னொருவர் பிடித்து இழுப்பது போன்ற அந்த உணர்வு எனக்குக் கடைசிவரை பழகவில்லை. வாள், கோடாரி என்று போனால் 'பிளேட் அண்ட் சோர்சரி' இதே உத்தியை எடைக்குப் பயன்படுத்துகிறது: கனமான ஆயுதம் கைக்குப் பின்னாலேயே இழுபட்டு வரும், கத்தி கேடயத்தில் சிக்கினால் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் கை தானாகவே மெதுவாக வீசக் கற்றுக்கொள்கிறது. 'கார்ன்' இருக்கிறதே, அது ஆயுதங்களை ரப்பர் மாதிரி வளைய விட்டு எல்லாவற்றையும் கேலியாக்கிவிடுகிறது. விருந்தாளிகள் வந்தால் அதைத்தான் எடுப்பேன்.

குங்ஃபூ, முவே தாய் (தாய்லாந்துச் சண்டைக் கலை) என்று உதைக்கும் ஆசையோடு வருபவர்களுக்குத்தான் ஏமாற்றம். சாதாரண விஆர் கருவியில் தலைக்கும் இரண்டு கைகளுக்கும்தான் கணக்கு, கால் எங்கே இருக்கிறது என்று கருவிக்குச் சரியாகத் தெரியாது. உதையைப் பட்டனில் வைப்பார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள். காலின் அசைவைக் கண்டறியும் டிராக்கரைத் தனியாகக் கட்டிக்கொள்ளலாம்தான், ஆனால் அதை ஏற்கும் விளையாட்டுகள் குறைவு. அது போக, கண்ணை மறைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று உதைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இந்தத் துறையில் குத்துச்சண்டை முன்னால் நிற்பதற்குக் காரணம் எளிது: இருக்கும் கருவிக்கு அது பொருந்துகிறது.

கை எங்கே இருக்கிறது என்று கண்டறியும் டிராக்கிங்குக்கும் ஒரு வரம்பு உண்டு. பெரும்பாலும் ஹெட்செட்டின் கேமராக்கள்தான் கன்ட்ரோலர்களைத் தேடுகின்றன. கையை முகத்தோடு ஒட்டி நல்ல கார்டு வைத்தால், கேமராவுக்குக் கை தெரியாமல் போகலாம். ஒரு கை இன்னொன்றை மறைத்தாலும் அதே கதை. கார்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தால் பிரச்சினை குறையும். ஆனால் அது நிஜ ரிங்கில் வேண்டாத பழக்கம். பயிற்சி மையத்துக்கும் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் முழங்கை. குத்தை நிறுத்த எதிரே எதுவும் இல்லாததால் மூட்டுதான் நிறுத்துகிறது. கையை முழுக்க நீட்டிப் பூட்டாமல், கொஞ்சம் மடிந்த நிலையிலேயே திரும்ப இழுங்கள். ஷேடோ பாக்ஸிங் (எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவது) செய்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஆனால் விளையாட்டின் வேகத்தில் யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஆட்டத்துக்கு முன் தோள், மணிக்கட்டு இரண்டையும் சுழற்றி விடுவதும் அவசியம்.

ஆன்லைனில் மனிதர்களோடு மோத 'தி த்ரில் ஆஃப் தி ஃபைட் 2' இருக்கிறது. ஹாஃப்பிரிக் நிறுவனம் 2024-ல் ஏர்லி ஆக்சஸாக, அதாவது முழுதாக முடியும் முன்பே ஆடக் கொடுக்கும் பதிப்பாக, வெளியிட்டது. கணினி எதிராளியிடம் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது: ஏமாற்று. தோளை அசைத்துப் பொய்யாக ஒரு குத்துக் காட்டினால் எதிரில் இருப்பவர் நிஜமாகவே துள்ளுவார். ஆனால் நெட்வொர்க் தாமதத்தால் இருவரும் ஒரே கணத்தைப் பார்ப்பதில்லை. நான் விலகிவிட்டேன் என்று நினைக்கும் குத்து, அவர் பக்கத்தில் ஏற்கெனவே பட்டிருக்கும். இது எந்த ஆன்லைன் விஆர் சண்டைக்கும் உள்ளதுதான். நெருங்கி நின்று மாறி மாறிக் குத்தும்போது உறுத்தும், தூரம் வைத்து ஆடினால் அவ்வளவாகத் தெரியாது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில்லறை விஷயங்கள். வியர்வையைத் துடைக்க வசதியாக சிலிக்கான் முக உறை போடுங்கள். தனித்து இயங்கும் ஹெட்செட்டுகள் பல அரைக் கிலோவை ஒட்டிய எடை. குனிந்து எழும்போது முகத்தில் ஆடாமலிருக்க, துணிப் பட்டையைவிடப் பின்னால் இறுக்கும் கெட்டிப் பட்டை நல்லது. நடுவில் ஒரு சிறிய பாய் விரித்தால் எங்கே நிற்கிறோம் என்று பாதம் சொல்லிவிடும். ஒரு மின்விசிறியை ஒரே திசையில் ஓட விட்டால் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதும் புரியும். ஹெட்செட்டில் குறித்துவைக்கும் ஆடுகள எல்லைக்கோட்டைச் சுவரிலிருந்து ஒரு கை நீளம் உள்ளே தள்ளி வரையுங்கள். மேலேயும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், அப்பர்கட் (கீழிருந்து மேலே விடும் குத்து) போகும் உயரம் நம் தலையைத் தாண்டும். விளக்கும் மின்விசிறியும் அங்கேதான் இருக்கும்.